மேல்மலை அடுப்பில் ஒரு நாள் சாப்பாடு: பழனி மலை உணவுகளைச் சமைக்க முழுமையான வழிகாட்டி

பழனி மலையைக் கீழ்மலை என்றும் மேல்மலை என்றும் பிரித்துச் சொல்வது இங்குள்ளவர்களின் வழக்கம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை ஆகிய ஊர்களைச் சுற்றிய கீழ்மலையில் காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, சௌசௌ எல்லாம் விளையும். கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை என்று நீளும் மேல்மலையில், படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும் உருளையும் கேரட்டும் பீன்ஸும் விளையும். நான் கீழ்மலையில் பிறந்து மேல்மலையில் வாழ்க்கைப்பட்டவள். ஒரே மலையின் இரண்டு அடுப்புகளிலும் நின்று சமைத்ததால் இந்த வழிகாட்டியை எழுதும் துணிவு வந்தது.

இங்கே சொல்லப்போவது நான்கு பேருக்கான ஒரு நாள் சாப்பாடு: கேழ்வரகுக் களி, பட்டர் பீன்ஸ் போட்ட மலைப்பூண்டுக் குழம்பு, சாமைச் சோறு, கடைசியில் மலைவாழைப்பழத்தில் பிசைந்த பஞ்சாமிர்தம். கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்து அறை எடுத்துச் சமைப்பவர்களும், மலையிலிருந்து பொருள் வாங்கிப்போய்ச் சமவெளியில் சமைப்பவர்களும் இதைப் பின்பற்றலாம். அளவுகளை மேல்மலைக்குச் சொல்லியிருக்கிறேன். சமவெளிக்கு மாற்ற வேண்டிய இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

முதலில் தண்ணீரைப் புரிந்துகொள்ளுங்கள்

கல்யாணமான முதல் வாரத்தில் நான் வைத்த பயற்றுக் குழம்பு ஒன்றரை மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. பீன்ஸின் தோல் சுருங்கியிருந்தது, உள்ளே மாவு மாவாக இருந்தது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். மறுநாள் என் அத்தை அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொன்னார்: "தாயி, மலைத் தண்ணி கொதிக்கிற மாதிரி காட்டும், சூடு இருக்காது. நீ அதை நம்பி இறக்காதே." அவர் அனுபவத்தில் சொன்னதை அறிவியலும் அப்படியே சொல்கிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 1 டிகிரி குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. 2,100 மீட்டரை ஒட்டிய கொடைக்கானலில் அது சுமார் 93 டிகிரி. கொதி வந்த பிறகு எவ்வளவு விறகைத் தள்ளினாலும் தண்ணீர் வேகமாக ஆவியாகுமே தவிர, சூடு ஏறாது. ஆகவே சமவெளிச் சமையல் குறிப்பில் முக்கால் மணி நேரம் என்று இருந்தால் மேல்மலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக அளவையும் சற்றுக் கூட்டுங்கள்.

பிரஷர் குக்கர் இந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிடும், முழுவதுமாக அல்ல. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால் குக்கருக்குள் சேரும் மொத்த அழுத்தமும் சமவெளியைவிடக் குறைவுதான். அதனால்தான் மேல்மலை வீடுகளில் எதற்கும் ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுகிறோம்.

பொருள்களை வாங்கும்போது

மலைப்பூண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பெயரில்தான் அதிக ஏமாற்று நடக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு சாதாரண வெள்ளைப்பூண்டைக் குவித்து 'மலைப்பூண்டு' என்று அட்டை எழுதி வைப்பது கூடிவிட்டது. எங்கள் பூண்டு பளிச்சென்ற வெள்ளையாக இராது. வெளிர் மஞ்சளோ லேசான செம்மையோ கலந்திருக்கும். பல்லும் பல்லும் இறுக்கமாக ஒட்டியிருப்பதால் உரிக்கச் சிரமப்படுத்தும். ஒரு பல்லை நகத்தால் கீறினால் கண்ணில் நீர் வரும் அளவுக்குக் காரநெடி அடிக்கும். தாளோடு, அதாவது காய்ந்த தண்டோடு, கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் உலர்த்திய பூண்டாக இருந்தால் மேல்தோலில் புகை வாசம் ஏறியிருக்கும். அந்தப் புகைதான் பூஞ்சணமும் பூச்சியும் அண்டாமல் பல மாதங்கள் காக்கிறது. மலைக்கு வர முடியாதவர்களுக்கு, பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியின் பூண்டுச் சந்தை நல்ல இடம்; மேல்மலைப் பூண்டு நெடுங்காலமாக அங்கேதான் இறங்குகிறது. வாங்கிய பூண்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், வியர்த்து முளைவிடும்.

பட்டர் பீன்ஸ் இந்த மலைக்குப் பழையது இல்லை. தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர். உருளையும் முட்டைக்கோஸும் கேரட்டும் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களோடு மலையேறியவை. சாமை, கேழ்வரகு, அவரை, மொச்சை ஆகியவை அவற்றுக்கு மிக முந்தியவை. பட்டர் பீன்ஸை மரபு உணவு என்று சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம் என்பேன். மொச்சைக்கு இருந்த பக்குவத்தையே இதற்கும் பாட்டிகள் கொடுத்துவிட்டார்கள். குழம்பு அதே குழம்புதான். பருவத்தில் பச்சைக் காயாகக் கிடைத்தால் ஊறவைக்க வேண்டிய வேலை இல்லை. காய்ந்த பயறு வாங்கினால் புதிய விளைச்சலைக் கேட்டு வாங்குங்கள். பழைய பயறு எவ்வளவு வேகவைத்தாலும் குழையாது.

சாமையில் இரண்டு வகை விற்கிறார்கள். வெள்ளை வெளேரென்று தீட்டியது ஒன்று. லேசான பழுப்பு நிறத்தில் தவிடு சற்று ஒட்டியிருப்பது மற்றொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் உமி நீக்கிய சாமை விரைவில் சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். முன்பு உமியோடு சேமித்து, வேண்டியபோது மட்டும் உரலில் குத்திப் புடைத்ததற்குக் காரணம் இதுதான்.

முதல் நாள் இரவு: பயறு ஊறப்போடுதல்

காய்ந்த பட்டர் பீன்ஸ் 200 கிராம் எடுத்துக் கழுவி, மூன்று மடங்கு தண்ணீரில் ஊறவையுங்கள். சமவெளியில் 8 மணி நேரம் போதும். மேல்மலையின் குளிர்ந்த இரவில் பயறு மெதுவாகவே தண்ணீர் குடிக்கும் என்பதால் 12 முதல் 14 மணி நேரம் தேவை. அடுப்பு அணைந்த பிறகு கதகதப்பாக இருக்கும் அடுப்புமேடையில் பாத்திரத்தை வைத்தால் நேரம் குறையும். காலையில் ஒரு பயற்றை இரண்டாகப் பிளந்து பாருங்கள்: நடுவில் வெளுத்த, உலர்ந்த பொட்டு தெரிந்தால் இன்னும் ஊறவில்லை.

மலைப்பூண்டுக் குழம்பு

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, மூடாத பாத்திரத்தில் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். காய்ந்த பீன்ஸ் வகைகளில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், வயிற்றைக் கெடுக்கும் பொருள்கள் உண்டு. நன்கு கொதித்தால்தான் அவற்றின் தீங்கு போகும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்தால் போகாது. பிறகு மறுபடி தண்ணீர் ஊற்றி, குக்கரில் மேல்மலையில் 6 விசில், சமவெளியில் 4 விசில் விடுங்கள். மண்சட்டியில் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தினால் வெண்ணெயாக நசுங்க வேண்டும், தோல் மட்டும் முழுதாக நிற்க வேண்டும்.

பயறு வெந்து முடியும்வரை புளியையும் தக்காளியையும் கண்ணில் காட்டாதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பயற்றின் தோலும் சதையும் இறுகிவிடும். அதற்குப்பின் எவ்வளவு எரித்தாலும் குழையாது. என் முதல் வாரக் குழம்பு கெட்டதற்கு உயரம் பாதிக் காரணம், அவசரப்பட்டுப் புளி ஊற்றியது மீதிக் காரணம்.

பயறு வேகும் நேரத்தில் மசாலா அரைத்துக்கொள்ளலாம். வரமிளகாய் 6, மல்லி 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, கீழ்மலை மிளகு 1 தேக்கரண்டி ஆகியவற்றை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, 3 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு அம்மியிலோ மிக்ஸியிலோ மைய அரையுங்கள். மிளகின் காரம் தொண்டைக்கு இதமாக இருப்பதால் குளிர்காலத்தில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டுவது எங்கள் வீட்டு வழக்கம்.

பூண்டு 40 பல் உரித்துக்கொள்ளுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டுவைத்தால் தோல் எளிதாகக் கழன்று வரும். அதில் 30 பல்லை முழுதாக வைத்துக்கொண்டு, 10 பல்லை மட்டும் கல்லில் தட்டி, பத்து நிமிடம் சும்மா வைத்துவிடுங்கள். பூண்டு நசுங்கும்போதுதான் அதன் காரமும் மருந்துக் குணமும் உருவாகின்றன. நசுக்கிய உடனே சூட்டில் போட்டால் அது முழுமை பெறாமலே போய்விடும்.

மண்சட்டியில் நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, முழுப் பூண்டைப் போட்டுச் சிறுதீயில் வதக்குங்கள். இந்த இடத்தில் பொறுமை வேண்டும். பூண்டின் நிறம் முதலில் மங்கும், பிறகு ஓரங்களில் பொன்னிறமாகும், கடைசியில் ஒவ்வொரு பல்லின் மேலும் சிறு சிறு சுருக்கங்கள் தோன்றும். அந்தச் சுருக்கம்தான் அடையாளம். அதற்கு 12 நிமிடமாவது ஆகும். பிறகு சின்ன வெங்காயம் 150 கிராம், தட்டிவைத்த பூண்டு, நறுக்கிய 2 தக்காளி என ஒன்றன்பின் ஒன்றாக வதக்கி, அரைத்த மசாலாவைச் சேர்த்துப் பச்சை வாசம் போகும்வரை கிளறுங்கள். வெந்த பயற்றை அதன் தண்ணீரோடு ஊற்றி, எலுமிச்சை அளவில் பாதி புளியைக் கரைத்து விட்டு, உப்புப் போட்டு, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடுங்கள். இறக்கி ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் புளியும் காரமும் பயற்றுக்குள் இறங்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மீந்த பூண்டைப் பச்சையாக எண்ணெயில் போட்டு வெளியே வைக்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. புளிப்பும் உப்பும் இல்லாமல், காற்றுப் புகாத எண்ணெயில் கிடக்கும் பூண்டில் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். ஊறுகாயாகப் போடுங்கள், அல்லது தாளோடு தொங்கவிடுங்கள்.

கேழ்வரகுக் களி

கேழ்வரகு மாவு 2 டம்ளர், சாமை நொய் அல்லது அரிசி நொய் கால் டம்ளர், தண்ணீர் 5 டம்ளர், உப்பு. அடி கனத்த, வாய் குறுகிய பாத்திரமும் உறுதியான மரத் துடுப்பும் வேண்டும். அகன்ற சட்டியில் மாவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

தண்ணீர் கொதித்ததும் நொய்யைப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். நொய்தான் களிக்குப் பிடிமானம். வெந்த பிறகு உப்புப் போட்டு, மாவு முழுவதையும் நடுவில் மேடாகக் கொட்டுங்கள், கிளறக் கூடாது. துடுப்பின் காம்பால் மேட்டின் நடுவில் அடிவரை ஒரு குழி போடுங்கள். சிறிது நேரத்தில் அந்தக் குழி வழியாகக் கொதிநீர் பொக்குப் பொக்கென்று மேலேறி, மாவின் வெளிறிய முகத்தில் வழிந்து, அது வழிந்த இடமெல்லாம் கருஞ்சிவப்பாக மாறுவதைப் பார்க்கலாம். தீயைக் குறைத்து 10 நிமிடம் இப்படியே வேகவிடுங்கள். சமவெளியில் 7 நிமிடம் போதும்.

இப்போது மேலே நிற்கும் தண்ணீரில் ஒரு டம்ளரை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, பாத்திரத்தை இறக்கி, இரண்டு கால்களாலோ கவட்டைக் கட்டையாலோ அணைத்துக்கொண்டு, துடுப்பால் அழுத்திக் கிண்டுங்கள். வட்டமாகச் சுற்றுவதைவிட, மாவைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்கி மடிப்பது நல்லது. கட்டிகள் உடைவது அப்படித்தான். இறுகினால் எடுத்துவைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். களி பளபளத்து, துடுப்போடு ஒரே உருண்டையாகச் சுழலத் தொடங்கியதும் நனைத்த விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் வெந்தது. ஒட்டினால் மூடிபோட்டுத் தணலில் மேலும் 3 நிமிடம் வையுங்கள். வேகாத களி வயிற்றில் கல்லாகக் கிடக்கும்.

கையை நனைத்து உருட்டி, நடுவில் கட்டைவிரலால் பள்ளம் செய்து நெய்யோ குழம்போ ஊற்றிச் சாப்பிடுங்கள். மேல்மலைக் குளிரில் களி ஐந்து நிமிடத்தில் ஆறி இறுகிவிடும் என்பதால் தட்டுகளையும் அடுப்போரம் வைத்துச் சூடாக்கிக்கொள்வோம். களியை மெல்லாமல் சிறு கவளமாகக் கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்குவதே முறை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஏற்றமும் இறக்கமுமான வயல்களில் நாள் முழுவதும் சுமை தூக்கும் உடம்புக்கு இது எவ்வளவு பொருத்தமானது என்று சாப்பிடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சாமைச் சோறு

சாமையில் அரிசியைவிடக் கல் அதிகம். இரண்டு பாத்திரங்களுக்கிடையே தண்ணீரோடு சாய்த்துச் சாய்த்து அரித்தால் கல் அடியில் தங்கும். மூன்று முறை அரித்து, அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு டம்ளர் சாமைக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர்; சமவெளியில் இரண்டரை முதல் மூன்று. கொதிக்கும் நீரில் சாமையைப் போட்டு, நீர் வற்றிச் சாமையின் மட்டத்துக்கு வந்ததும் தீயைத் தணித்து, மூடியின் மேல் தணலை வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கேஸ் அடுப்பில் மிகச் சிறுதீயே போதும். இறக்கியதும் கிண்டாதீர்கள், குழைந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து முள்கரண்டியால் கிளறினால் உதிரியாக நிற்கும். இதே குழம்பு இதற்கும் பொருந்தும்.

தொட்டுக்கொள்ளச் சௌசௌ கூட்டு எளிது: தோல் சீவி, நறுக்கி, பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றினால் முடிந்தது. பாசிப்பருப்பு மட்டும் தனியே முக்கால் பதம் வெந்திருக்கட்டும்.

பஞ்சாமிர்தம்

இதற்கு அடுப்பே தேவையில்லை, பழம்தான் எல்லாம். விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் கிடைத்தது. இந்தப் பழம் நம் கைக்கு வருவதே பெரிய காரியம். 1970-களில் அசுவினிப் பூச்சி பரப்பிய முடிக்கொத்து நோய் கீழ்மலை வாழைத் தோப்புகளைப் பெருமளவு அழித்தது. இலைகள் குறுகி, நுனியில் கொத்தாக அடைபட்டு, குலை தள்ளாமலே மரங்கள் நின்றதைப் பெரியவர்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்வார்கள். நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளாலும், தடியன்குடிசையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் உழைப்பாலும்தான் மலைவாழை மீண்டது.

மலைவாழையில் நீர்ச்சத்து குறைவு. அதனால் பிசையும்போது கூழாகாமல் கெட்டியாக நிற்கிறது, நீர்விட்டுப் புளிக்கவும் நாளாகிறது. பூவன் பழத்தில் செய்தால் அன்றே தின்றுவிட வேண்டும். தோல் மஞ்சளாகி, அங்கங்கே கறுத்து, லேசாகச் சுருங்கிய 10 பழங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமில்லாத பாத்திரம், ஈரமில்லாத கை, இரண்டும் முக்கியம். பழத்தைக் கையால் பிசையுங்கள், மிக்ஸி வேண்டாம். 200 கிராம் நாட்டுச் சர்க்கரையைக் கட்டியில்லாமல் சலித்துச் சேர்த்து, அது கரைந்து பழத்தோடு கலக்கும்வரை பிசைந்து, விதை நீக்கி நறுக்கிய 10 பேரீச்சம்பழம், 2 மேசைக்கரண்டி கற்கண்டு, 2 மேசைக்கரண்டி தேன், 4 ஏலக்காயின் பொடி போடுங்கள். கடைசியாக 2 மேசைக்கரண்டி பசுநெய்யை உருக்கி, ஆறவைத்து ஊற்றுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் சேரக் கூடாது. மலைத்தேன் கிடைத்தால் சுவை வேறு. குறிஞ்சி கடைசியாக 2018-இல் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல். அந்த ஆண்டின் தேனுக்கு இப்போதே எங்கள் வீட்டில் ஒரு சீசா ஒதுக்கியிருக்கிறோம்.

மறுநாள் காலை

மீந்த களியை உருண்டையாகவே தண்ணீரில் மூழ்க வைத்து மூடிவையுங்கள். சமவெளியில் விடிவதற்குள் அது இதமாகப் புளித்துவிடும். மேல்மலைக் குளிரில் இட்லி மாவே பொங்காது, களி எப்படிப் புளிக்கும்? ஆகவே சட்டியைத் துணியால் சுற்றி, தணல் அவிந்த அடுப்பின் மேல் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் களியை அதே நீரில் கரைத்து, மோரும் உப்பும் சேர்த்து, நறுக்கிய சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம். முந்தின நாள் குழம்பில் வதங்கிய பூண்டு நாலைந்து பல் மீந்திருந்தால், அதையும் கடித்துக்கொள்ளுங்கள்.